அறுபது ரூபா பந்துல எனக்கு எவ்ளோ நிக்கும்? – கடைக்காரர் பதில்கள்

போன இதழ்ல ‘விளையாட்டு சாமான் விலை பத்தி என்ன வேணாலும் கேளுங்க, நம்ம கடைக்காரர் பதில் சொல்வார்’னு ஆசிரியர் ஒரு வரி போட்டுட்டார். வந்த லெட்டர், வாட்ஸ்அப் எல்லாம் பாத்தா பாதி பேர் கேள்வியே கேக்கல, நேரா திட்டிட்டாங்க. வேலூர் லாங் பஜார் பக்கத்துல 22 வருஷமா கல்லாவுல உக்காந்துகினு கீறவன் நான், இதுக்கெல்லாம் அசர மாட்டேன். திட்டுனதுலயும் நியாயம் இருக்கறத பொறுக்கி எடுத்து எழுதிருக்கேன்.

என் பையன் எட்டாவது படிக்கிறான், ஸ்கூல் டீம்ல சேத்துருக்காங்க. கடையில காஷ்மீர் வில்லோ பேட் 1,800 சொல்றாங்க. அதே கம்பெனி பேட் போன்ல 1,450. அந்த 350 ரூபா எதுக்குன்னு நேர்மையா சொல்லுங்க பாப்போம். – ஒரு அம்மா, காட்பாடி

நேர்மையாவே சொல்றேன்மா, என் கடை நோட்டையே திறந்து காட்டுற மாதிரி சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

அந்த பேட் எனக்கு பில்லுல 1,200. உத்தரப் பிரதேசம் மீரட்ல இருந்து லாரி பார்சல்ல வந்து, பார்சல் ஆபீஸ்ல இருந்து ஆட்டோ வெச்சி, ஏத்து கூலி இறக்கு கூலி எல்லாம் பங்கு போட்டா பேட்டுக்கு ஒரு 40 ரூபா. ஆக அடக்கம் 1,240. நீங்க குடுக்கற 1,800-ல ஜிஎஸ்டி மட்டும் 85 ரூபா சொச்சம், அது என் காசு இல்ல. மீதி 1,714. அதுல அடக்கத்த கழிச்சா 474. ‘அப்ப 470 ரூபா லாபமா’ன்னு கண்ண விரிக்காதீங்க, இனிமேதான் கதையே.

கடை வாடகை மாசம் 20,000. ஒரு பையன் நிக்கறான், அவனுக்கு 13,000. கரண்ட் பில்லு 4,000, கமர்ஷியல் ரேட்டு. டீ, கவர், ஆடிட்டர், அது இதுன்னு 3,000. அப்புறம் யாரும் கேக்காத செலவு ஒண்ணு இருக்கு, கடையில மாட்டி அடுக்கி இருக்கற சரக்கு ஒரு பத்து லட்சம், அது பேங்க் கடன், வருஷத்துக்கு 12 பர்சன்ட்னு வெச்சாலும் மாசம் 10,000 வட்டி. எல்லாம் கூட்டுனா 50,000. செவ்வாய்க்கிழமை லீவு, 26 நாள்தான் கடை. தினம் ஷட்டர தூக்குனதுமே 1,900 ரூபா கடன்ல நிக்கறேன்னு அர்த்தம். நாலு பேட் வித்தாதான் அந்த கடன் தீரும், அஞ்சாவது பேட்லதான் என் வீட்டு அரிசி. தினம் அஞ்சு பேட் விக்கற கடை இந்த ஊர்ல எங்கயாவது இருந்தா எனக்கும் சொல்லுங்க.

சரி பந்து எடுத்துக்கோங்க. டென்னிஸ் பால், நீங்க குடுக்கறது 60, வரி எல்லாம் போக எனக்கு நிக்கறது பத்து. பத்து ரூபாதானான்னு தோணும், ஆனா அந்தப் பந்துக்கு நான் போட்ட கிட்டத்தட்ட அம்பது ரூபா ஒரு வாரத்துல திரும்பி வந்துடும், மறுபடி பந்து வாங்குவேன், மறுபடி வரும். வருஷத்துக்கு 52 தடவ அந்த ஒரே அம்பது ரூபா சுத்தி சுத்தி 520 சம்பாரிச்சி குடுக்குது. ஹெல்மெட்ட பாருங்க, அடக்கம் 1,200, வித்தா 500 நிக்கும். ஆனா ஹெல்மெட்ல சின்னது, நடுத்தரம், பெருசு, குட்டிப் பசங்களுதுன்னு சைஸ் சைஸா வாங்கி வெக்கணும், ஒரு சைஸ் மேல் தட்டுல ஒரு வருஷம் அசையாம இருக்கும், அந்த 1,200-க்கு வட்டியே 144. கைக்கு 356. கணக்கு புரியுதாம்மா, என்னோட அம்பது ரூபா, என்னோட ஆயிரத்து இருநூற விட அதிகமா உழைக்குது. அதனாலதான் பந்துல எவன்கிட்டயும் பேரம் பேசாம பத்து ரூபால விட்டுடறோம், ஹெல்மெட்லயும் பேட்லயும் கை வெக்கறோம். தூங்கற சரக்குக்கும் நாங்கதான் வாடகை குடுக்கணும், அந்த வாடகை விலையில ஏறி உக்காந்துடும்.

இப்ப போன்ல 1,450 எப்படின்னா, அங்க விக்கறவன் ஒரு லாட்ல ஆயிரம் பேட் எடுக்கறான், எடுக்கற விலையே வேற. குடோன் எங்கயோ ஊருக்கு வெளிய. அவனுக்கும் ஆப் காரன் கமிஷன், கூரியர், ரிட்டர்ன் வர்ற பேட்டு எல்லாம் இருக்கு, ஆனா பஜார் வாடகை இல்ல. இன்னொண்ணும் இருக்கு. உங்க பையன் என் கடைக்கு வந்தா எட்டு பேட்ட இறக்கி போடுவேன், ஒவ்வொண்ணா தூக்கிப் பாப்பான், ஸ்டான்ஸ் எடுப்பான், ஒரு பழைய பந்த வெச்சி தட்டித் தட்டி சத்தம் கேப்பான். எட்டுல ஆறு போயிடும், ரெண்டு மட்டும் யார் வந்தாலும் தூக்கிப் பாத்துட்டு வெச்சிடுவாங்க, கீழ்ப்பக்கம் கனம். அந்த ரெண்ட கடைசியில அடக்கத்துக்கும் கீழ தள்ளிடுவேன், அந்த நஷ்டத்த மத்த ஆறு பேட்டுதான் சுமக்குது. போன்ல வாங்கறவங்களுக்கு அந்த ரெண்டுல ஒண்ணு வந்தாலும் தெரியாது.

ஆனா எங்க ஆளுங்க தப்பும் இருக்கு, மறைக்க மாட்டேன். பேட் மேல எம்ஆர்பி 3,600-ன்னு ஒட்டிருக்கும், ‘உங்களுக்காக பாதி விலைம்மா’ன்னு சொல்வாங்க. எம்ஆர்பிய தாண்டி வித்தாதான் சட்டப்படி குத்தம், எம்ஆர்பிய எவ்ளோ உசரத்துல அடிக்கலாம்னு இந்த மாதிரி சாமானுக்கெல்லாம் யாரும் கணக்கு வெக்கல. அதனால அந்த ஸ்டிக்கர பாத்து டிஸ்கவுண்ட எடை போடாதீங்க, ரெண்டு கடை ஏறி இறங்கி விலைய மட்டும் பாருங்க. 1,800 சொன்ன பேட் 1,600-க்கு கேட்டா நானே குடுத்துடுவேன், இத எழுதுனதுக்கு பக்கத்து கடைக்காரர் என்ன திட்டுவார்.

வரிய 12-ல இருந்து 5 ஆக்கிட்டாங்கன்னு பேப்பர்ல போட்டான். நூத்துக்கு ஏழு ரூபா குறையணும் இல்ல? எனக்கு ஏன் குறையல? – ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், குடியாத்தம்

சார், கணக்கு வாத்தியாருக்கே கணக்கு சொல்றேன், மன்னிக்கணும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து பேட்டு, பந்து, ராக்கெட், கேரம் போர்டு எல்லாம் 5-க்கு வந்துச்சி. முன்னாடி 100 ரூபா சாமான் வரியோட 112, இப்ப 105. நீங்க குடுத்துகினு இருந்தது 112, அதுல ஏழு குறைஞ்சா நூத்துக்கு ஆறேகால்தான். 1,120 ரூபா பேட் 1,050 ஆகணும், 70 ரூபா குறையணும், அது நியாயம், குறைக்காத கடையில சண்டை போடுங்க.

ஆனா சின்ன கடைங்க விஷயம் வேற. வருஷம் 40 லட்சத்துக்குள்ள வியாபாரம் பண்றவங்க நிறைய பேர் ஜிஎஸ்டி நம்பரே எடுக்கல, இன்னும் சில பேர் மொத்த வியாபாரத்துல ஒரு சின்ன பர்சன்ட் மட்டும் வரியா கட்டற காம்போசிஷன் திட்டத்துல இருக்காங்க. இவங்களுக்கு வாங்கும்போது கட்டுன வரி திரும்பி வராது, அப்படியே அடக்கத்துல சேந்துடும். செப்டம்பர்க்கு முன்னாடி 12 கட்டி வாங்கி வெச்ச சரக்கு அவங்ககிட்ட இருந்தா, அது விக்கற வரைக்கும் அவங்களுக்கு 12 தான். அந்த மாதிரி கடைக்காரன் கோவப்படறதுலயும் நியாயம் இருக்கு. எங்கள மாதிரி முழுசா பதிவு பண்ணவங்க தப்பிக்க வழி இல்ல, வாங்கும்போது கட்டுன பழைய வரி கிரெடிட்டுல இருக்கு, கட்ட வேண்டிய வரியில கழிச்சிக்கலாம்.

அதே நேரம் ஜிம் சாமானுக்கு இது கிடையாது, டம்பெல், டிரெட்மில் எல்லாம் 18-லயே நிக்குது. ஷூவுல இன்னொரு கூத்து. ஜோடி 2,500 வரைக்கும் 5, அதுக்கு மேல ஒரு ரூபா போனாலும் 18. 2,500 ரூபா ஷூ வரியோட 2,625. 2,600 ரூபா ஷூ வரியோட 3,068. ஷூவுல வித்தியாசம் நூறு ரூபா, கஸ்டமர் கையில இருந்து போறது 443. அதனால கம்பெனிக்காரன் 2,600, 2,700-ன்னு விலை வெக்கவே யோசிப்பான், ஒண்ணு 2,500-க்குள்ள அடக்குவான், இல்லன்னா ஒரேயடியா நாலாயிரம் பக்கம் போயிடுவான். என்கிட்ட 2,900 ரூபா ஷூ கேட்டு வர்றவங்களுக்கு காட்ட எதுவும் இல்லாம முழிக்கறேன்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோல் ஊரு. தோலு இங்க இருக்கு, கிரிக்கெட் பந்து மட்டும் ஏன் மீரட்ல இருந்து வருது? இங்கயே தெச்சா விலை குறையாதா? – தோல் கம்பெனியில வேலை செய்றவர், மேல்விஷாரம்

பாய், இந்த மாசம் வந்ததுலயே பெஸ்ட் கேள்வி இது. நானும் கடை ஆரம்பிச்ச புதுசுல இதையே யோசிச்சேன், ஒரு பழைய ஆம்பூர்க்காரர்கிட்ட கேட்டு வாங்கிக் கட்டிக்கினேன்.

பந்துக்கு போற தோலு படிகாரத்துல பதப்படுத்துறது, வெள்ளையா வரும், அதுக்கு மேல சிவப்பு சாயம் ஏத்துவாங்க. நம்ம பக்கம் முக்காவாசி ஷூ மேல்தோலு, குரோம் உப்புல பதப்படுத்துறது, வெளிநாட்டு ஆர்டருக்கு போறது. ஒரே தோலுன்னு பேரு, தொழில் வேற. சரி தோல மாத்திக்கலாம்னே வெச்சிக்கோங்க, பந்து வெறும் தோலு இல்ல பாய். உள்ள கார்க், அது மேல சுத்துற நூலு, நாலு துண்டா வெட்டற வெட்டு, மடிச்சி தெக்கறது, அப்புறம் ஆறு வரிசை தையல், அதான் சீம். முழுசா 156 கிராம்ல இருந்து 163 கிராமுக்குள்ள நிக்கணும். இதுக்கு கார்க் விக்கறவன், நூலு விக்கறவன், அச்சு வெச்சிருக்கறவன், வீட்ல உக்காந்து பந்துக்கு இவ்ளோன்னு கூலிக்கு தெக்கறவன் எல்லாரும் ஒரே ஊர்ல நாலு தெருவுக்குள்ள இருக்கணும். மீரட்லயும் ஜலந்தர்லயும் அது இருக்கு. அதுவும் அங்க முளைச்சது இல்ல, 1947 பிரிவினையில, இப்ப பாகிஸ்தான்ல இருக்கற சியால்கோட்ல இருந்து கைத்தொழிலோட கிளம்பி வந்தவங்க குந்துன ஊருங்க அது. கிரிக்கெட் பந்து செய்ற எஸ்ஜி கம்பெனியே சியால்கோட்ல 1931-ல தொடங்குனதுதான். மூணு தலைமுறை கை அது. அந்தக் கைய லாரியில ஏத்திகினு வர முடியாது, அதனால பந்து லாரியில ஏறி வருது, அந்த வாடகை கம்மிதான். ஒரு அட்டைப் பெட்டியில எத்தன டஜன் பந்து புடிக்கும்னு பாத்தா, பந்துக்கு ரெண்டு மூணு ரூபாகூட விழாது.

ஹெல்மெட்தான் எங்கள கொல்லும். பன்னண்டு ஹெல்மெட் பெட்டி தூக்குனா பெருசா கனம் இருக்காது, ஆனா பார்சல் ஆபீஸ்ல எடைக்கு போட மாட்டான், அடைக்கற இடத்துக்கு போடுவான். காத்துக்கு வாடகை கட்றோம்னு எங்க கடைப் பையன் சொல்வான். வாலாஜா டோல், பள்ளிகொண்டா டோல் எல்லாம் அந்த வாடகைக்குள்ள இருக்கு.

தோலோட விலைக்கு வர்றேன். நம்ம ஊரு தோல் அடக்கத்துல வெளியூர்க்காரனுக்கு தெரியாத ஒரு பங்கு இருக்கு, அது கழிவுத் தண்ணி. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்பேர் போரம் போட்ட கேஸ்ல 1996 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சி, ‘கெடுத்தவன்தான் காசு குடுக்கணும்’னு, நம்ம மாவட்டத்து டேனரிங்க ஒவ்வொண்ணுக்கும் பத்தாயிரம் ரூபா அபராதம் போட்டாங்க, அப்ப நம்ம மாவட்டத்துக்கு வடஆற்காடு அம்பேத்கர்னு பேரு. அதுக்கப்புறம் பொது சுத்திகரிப்பு நிலையத்துல சேராம, இல்லன்னா சொந்தமா ஒண்ணு வெக்காம தோல் போட முடியாது, உங்க மேல்விஷாரத்துலயே ஒண்ணு இருக்கு. தண்ணிய வடிகட்டி, ஆவியாக்கி, உப்ப தனியா எடுக்கற வரைக்கும் கரண்ட்டு, மெஷின், ஆளு. டேனரிக்காரர் அத ‘சுமை’ன்னு சொல்வார், நான் அப்படி சொல்ல மாட்டேன். பாலாத்து ஓரம் கிணத்துல உப்புத் தண்ணி எடுத்துகினு இருந்த எங்க மாமா வீட்டு நிலத்த பாத்தவன் நான். முன்னாடியும் அந்த செலவு இருந்துச்சி, தோலு வெலையில இல்லாம மாமா தலையில இருந்துச்சி, அவ்ளோதான் வித்தியாசம்.

செய்யாறு ஷூ பேக்டரியில என் தங்கச்சி வேலை பாக்கறா. அங்க தெக்கற ஷூ வேலூர் ஷோரூம்ல எட்டாயிரம். ஒரு மணி நேரத் தூரம், இன்னா விலை இது! – ஒரு அண்ணன், ஆற்காடு

தூரத்த வெச்சி கணக்கு போடாதீங்க அண்ணே. செய்யாறு சிப்காட்ல அந்த இடம் சிறப்பு பொருளாதார மண்டலம், நம்ம மண்ணுலயே இருந்தாலும் வரி கணக்குல அந்த வேலிக்குள்ள வெளிநாடு மாதிரி. வேலிய தாண்டி நம்ம ஊருக்கு விக்கணும்னா கஸ்டம்ஸ் கட்டணும். ஷூவுக்கு அந்த டூட்டி 2020 பட்ஜெட்ல 25-ல இருந்து 35 பர்சன்ட் ஆச்சி.

இந்த தொழில்ல ரொம்ப நாளா சொல்ற ஒரு மோட்டா கணக்கு இருக்கு, பேக்டரி வாசல்ல 1 ரூபான்னா கடை வாசல்ல 4. நடுவுல இருக்கற மூணு ரூபா யாரோ ஒருத்தன் பாக்கெட்டுக்கு போகல. டிசைன், விளம்பரம், காலுக்கு அந்த ஷூவ மாட்டி ஓடற ஆட்டக்காரனுக்கு குடுக்கற காசு, டிஸ்ட்ரிபியூட்டர், ஏசி போட்ட ஷோரூம் வாடகை, கடைசியில வரி. அதோட, ஷூன்னாலே சைஸ். ஒரு மாடல்ல 6-ல இருந்து 11 வரைக்கும் வாங்கி வெச்சாதான் கடை கடையா இருக்கும். ஏழும் எட்டும் ஒம்போதும் பறக்கும். பதினொண்ணு உக்காந்துரும். அடுத்த வருஷம் புது மாடல் வந்துடும், பழைய பதினொண்ண பாதி விலைக்கு தள்ளணும். அந்தப் பாதிய எட்டாம் நம்பர் கால்காரன் குடுத்துட்டுதான் போறான், அவனுக்கே தெரியாம. உங்க தங்கச்சி கூலி அந்த எட்டாயிரத்துல எவ்ளோன்னு கேட்டா எனக்கு வருத்தமாதான் இருக்கும், அத விட்டுடறேன்.

இறகு ஷட்டில் விலை ஏறிகினே போகுது. வாத்து இறகுதானே, தங்கமா? – காலைல அஞ்சரைக்கு ஆடற கோஷ்டி, சத்துவாச்சாரி

ஒரு ஷட்டிலுக்கு 16 இறகு. எல்லாம் ஒரே பக்கத்து றெக்கையில இருந்து வரணும், இடது வலது கலந்தா சுத்துற சுத்து கோணிடும். வளைவு, கனம், நீளம் எல்லாம் ஒத்து வர்ற இறகு ஒரு பறவைக்கு கொஞ்சம்தான் தேறும், மீதி கழிவு. முழு ஷட்டிலும் அஞ்சு கிராம் பக்கம்தான், அந்த அஞ்சு கிராமுக்கு அவ்ளோ பொறுக்கணும். பறவைய யாரும் ஷட்டிலுக்காக வளக்கறது இல்ல, கறிக்கு வளக்கறாங்க, இறகு பக்க வரும்படி. அதனால கறி வியாபாரம் குறைஞ்சா இறகும் குறையும், நீங்க எவ்ளோ ஆடினாலும் அதிகமாகாது. நல்ல ஷட்டில் முக்காவாசி சீனாவுல இருந்து, நம்ம நாட்ல மேற்கு வங்காளம் உலுபேரியா பக்கம் செய்றாங்க.

என் கடை செலவும் இதுல இருக்கு. நம்ம ஊர் அக்னி வெயில் தெரியும்ல, டப்பாவுக்குள்ளயே இறகு காஞ்சி மொறுமொறுன்னு ஆயிடும், ரெண்டு ஸ்மாஷுக்கு தாங்காது. மே மாசம் நான் டப்பாவ மேல் தட்டுல வெக்கறதே இல்ல, தரை ஓரமா, ஈரத் துணி பக்கத்துல. இன்னொண்ணு டப்பா மேல போட்டிருக்கற ஸ்பீடு நம்பர், நம்பர் ஏற ஏற ஷட்டில் வேகமா போகும். சூட்டுல காத்து லேசாகி ஷட்டில் நீளமா பறக்கும், அதனால நமக்கு 75, 76 வேணும். ஒரு தடவ ஏஜென்சிக்காரர் சலுகை விலைன்னு 78 நம்பர் ரெண்டு பெட்டி தலையில கட்டிட்டார். ஆடறவங்க எல்லாம் ‘இன்னா கடைக்காரரே, அடிச்சா லைன தாண்டி போய் விழுது’ன்னு திருப்பிக் குடுத்துட்டு போனாங்க. மலை இல்லாத குளிர் ஊர்ல கடை வெச்சிருந்தா வித்திருக்கலாம்.

கூடவே கட்டிங் கூலி, அதான் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டற கூலி, ஏன் ஏறுச்சின்னும் கேட்டிருக்கீங்க. 200 மீட்டர் ரோல்ல ராக்கெட்டுக்கு பத்து மீட்டர் வெச்சா இருபது ராக்கெட் வரும், நரம்பு செலவு சுலபமா கணக்கு போடலாம். கணக்குல வராதது பயம். போன வருஷம் ஒருத்தர் பழைய ராக்கெட் கொண்டாந்து நரம்ப 26 பவுண்டு இழுவையில ஏத்துங்கன்னார், பாதியில ‘டக்’னு ஒரு சத்தம், பிரேம் தோள்பட்டையில விரிசல். ஏற்கனவே கீறல் இருந்துச்சான்னு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மூவாயிரம் ரூபா ராக்கெட்டுக்கு பாதி நான் குடுத்தேன். இப்ப பழைய ராக்கெட்னா 22-க்கு மேல கையெழுத்து வாங்காம ஏத்தறது இல்ல.

கடையில வாலிபால் 900. எங்க ஸ்கூலுக்கு கொட்டேஷன் கேட்டா அதே கடை 1,050 எழுதுது. மொத்தமா வாங்கறவனுக்கு குறையத்தானே செய்யணும்? – பி.டி. மாஸ்டர், அணைக்கட்டு பக்கம்

ரொக்கமா வாங்குனா குறையும் மாஸ்டர். உங்க ஸ்கூல சொல்லல, எனக்கு நடந்தத சொல்றேன். ஒரு ஸ்கூல், பேரு வேணாம், ஜூன் மாசம் ஸ்போர்ட்ஸ் டேக்கு 1,80,000 ரூபாய்க்கு சரக்கு கேட்டாங்க, வரி தனி, அப்ப 12. சரக்கு எனக்கு 1,50,000, அதுக்கு வரி 18,000 சேத்து ஏஜென்சிக்கு ரொக்கமா கட்டுனேன். அடுத்த மாசம் 20-ம் தேதிக்குள்ள மீதி வரி 3,600-ம் கவர்மென்ட்டுக்கு கட்டியாச்சி, ஸ்கூல் காசு குடுத்தாங்களா இல்லையான்னு ஜிஎஸ்டிக்காரன் கேக்க மாட்டான், பில்லு போட்டியா கட்டு. ஆக என் கையில இருந்து போனது 1,71,600. காசு வந்தது மார்ச் மாசம். ஒம்போது மாச வட்டி 15,000-க்கு மேல. 30,000 லாபம்னு பில்லு போட்ட அன்னிக்கு வீட்ல சொல்லிட்டேன், பாதிதான் வீட்டுக்கு வந்துச்சி, அதுலயும் அந்த ஸ்கூல் ஆபீசுக்கு நடந்த நடைக்கு பெட்ரோல் கழிக்கல.

அதனால கொட்டேஷன்ல ஏறற 150 ரூபா பந்துக்கு இல்ல, காத்திருக்கறதுக்கு. ‘சரக்கு இறங்குன 15 நாள்ல செக்’னு எழுதிக் குடுக்கற ஸ்கூலுக்கு நானே 870 போடுவேன்.

சத்துவாச்சாரி ஜிம்ல வெயிட் தூக்கறேன். சொந்தமா வீட்ல செட் போடலாம்னு பாக்கறேன். பிளேட் எல்லா கடையிலயும் கிட்டத்தட்ட ஒரே விலை சொல்றாங்களே, பேசி வெச்சிருக்கீங்களா? – காலேஜ் தம்பி

பேசல்லாம் வெக்கல தம்பி. இரும்பு பிளேட் கிலோ கணக்குல வாங்கறோம், கிலோ கணக்குல விக்கறோம், எல்லாருக்கும் இரும்பு விலை தெரியும், ஏமாத்த இடமே இல்ல. அதோட இரும்புக்கு சைஸ் கிடையாது, மாடல் கிடையாது, காயாது, பூச்சி அரிக்காது, அஞ்சு வருஷம் கழிச்சும் அதே பத்து கிலோ. தூங்குனாலும் சாகாத சரக்கு, அதனால லாபத்த ஒல்லியா வெச்சாலே போதும். பொருள் விலையில ஏறறது ரெண்டுதான், லாரி வாடகை, அப்புறம் அந்த 18 பர்சன்ட். செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா கண்ண மூடிகினு வாங்கு, துரு தேச்சா போச்சி. ரப்பர் பம்பர் பிளேட்டும் 20 கிலோ ஒலிம்பிக் ராடும் மட்டும் புதுசா பாரு, வளைஞ்ச ராடு தோள காலி பண்ணிடும். 2014 கிளாஸ்கோவுலயும் 2018 கோல்ட் கோஸ்ட்லயும் காமன்வெல்த் தங்கம் தூக்குன சதீஷ் சிவலிங்கம் உங்க ஏரியாக்காரர்தான், அதனால என் கடைக்கு வர்ற சத்துவாச்சாரி பசங்க எல்லாம் ராட உருட்டி பாக்காம வாங்கறது இல்ல, நீயும் உருட்டிப் பாரு.

கபடிக்கு என்ன சாமான் விக்கறீங்க? – பள்ளிகொண்டா

ஜெர்சியும் முட்டிக் கவசமும். மண்ணும் மூச்சும் வெச்சி ஆடற ஆட்டத்துல எங்க வியாபாரிங்களுக்கு என்னத்த இருக்கு. ஜெர்சியும் திருப்பூர்ல அடிச்சி வருது, டிசைன் போடற கூலி ஏழு ஜெர்சிக்கும் அதே, எழுபது ஜெர்சிக்கும் அதே, அதனால பக்கத்து ஊர் டீமோட சேந்து ஆர்டர் குடுங்க, பொங்கலுக்கு ஒரு மாசம் முன்னாடியே குடுங்க.

அண்ணே, பேரணாம்பட்டுல ஸ்போர்ட்ஸ் கடை போடலாம்னு இருக்கேன். நாலு லட்சம் கையில இருக்கு. போதுமா? என்ன சரக்கு எடுக்கட்டும்? – பி.காம். முடிச்ச தம்பி

நாலு லட்சத்துல ஒரு லட்சம் கடை அட்வான்ஸ்க்கும் ரேக்குக்கும் போயிடும்னு வெச்சிக்கோ. அம்பதாயிரத்த தொடாத, அது மழைக்கு. நவம்பர் டிசம்பர்ல ஐப்பசி கார்த்திகை மழையில கிரவுண்ட் பூரா தண்ணி நிக்கும், ஒரு பந்துகூட போணி ஆகாத நாள் வரும், வாடகை மட்டும் கரெக்டா வரும். மீதி ரெண்டரை லட்சம்தான் சரக்கு.

அதுல பாதிக்கு பந்தும், பந்து மாதிரி வேகமா ஓடற சில்லறை சரக்கும். டென்னிஸ் பால், ஸ்டம்பர் பால், வாலிபால், நைலான் ஷட்டில், கேரம் காயின், ஸ்கிப்பிங் கயிறு, பேட்டுக்கு கிரிப்பு. பாக்க கடை அசிங்கமா, சில்லறையா இருக்கும், இருக்கட்டும். வாசல்ல ஒரு பெரிய பேட்ட தொங்க விடு, அது விக்கறதுக்கு இல்ல, ஆள இழுக்க. இங்கிலீஷ் வில்லோ பேட் பக்கம் போகவே போகாத, அந்த மரக்கட்டை இங்கிலாந்துல இருந்து பவுண்டு கணக்குல வருது, ஒரு பேட்ல உன்னோட முப்பதாயிரம் முடங்கிடும், கேட்டு வர்றவன் ஆயிரத்துல ஒருத்தன், அவனும் சென்னைக்கு போய் வாங்கிப்பான். யாராவது கேட்டா அட்வான்ஸ் வாங்கிட்டு வரவழைச்சி குடு.

ஏப்ரல் மே லீவுக்கு மார்ச்சுலயே சரக்கு எடு, ஏஜென்சியில 30 நாள் தவணை கேளு, மொத தடவ குடுக்க மாட்டான், மூணாவது தடவ குடுப்பான். அந்த முப்பது நாளுக்குள்ள வித்துட்டா அவன் காசுலயே வியாபாரம். கடன் நோட்டு மட்டும் போடாத, டீம் கேப்டன்னு சொல்லிகினு வர்ற பத்து பேர்ல எட்டு பேர் நல்லவங்க, மீதி ரெண்டு பேர் அடுத்த தெருவுல நடந்து போவாங்க.

ஷூ எடுத்தே தீருவேன்னா ஏழு, எட்டு, ஒம்போது மட்டும் எடு. பதினொண்ணு எடுக்காத. யாராவது கேட்டா எனக்கு போன் பண்ணு, 2019-ல மாவட்டத்த மூணா பிரிச்சாங்களே, அந்த வருஷம் வாங்குன ஜோடி ஒண்ணு இன்னும் என் மேல் தட்டுல கீது, அடக்கத்துக்கே தரேன்.